வார்டுக்குள் போட்ட ரோடு

என் மனைவி என்னை முதன்முதலில் பார்த்தபோது முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். சொந்தக்காரர் வீட்டு விசேஷம் ஒன்றில் அவளிடம் தண்ணீர் டம்ளரை நீட்டினேன். முழங்கைக்குக் கீழே உற்றுப் பார்த்துவிட்டு, "நல்ல நரம்பு" என்றாள். இப்படியும் ஒரு பெண் பேசுவாளா என்று எனக்குத் தலை சுற்றியது. அவள் டயாலிசிஸ் டெக்னீஷியன். சிறுநீரகம் கைவிட்டவர்களின் ரத்தத்தை வெளியே எடுத்து, இயந்திரத்தில் சுத்தம் செய்து, திரும்ப உள்ளே அனுப்புகிற வேலை. அதற்கு நல்ல நரம்பு வேண்டும். கல்யாணமாகி இத்தனை வருடம் கழித்தும் யார் வந்தாலும் அவள் கண் கைக்குத்தான் போகிறது. நான் எலக்ட்ரீஷியன், என் கண் ஸ்விட்ச் போர்டுக்குப் போகும். ஆக, எங்கள் இரண்டு பேருக்குமே யாருடைய முகமும் ஞாபகம் இருப்பதில்லை.

அவளுடைய வார்டுக்கு ஒருவர் வாரத்தில் மூன்று நாள் வர வேண்டும். வந்தால் நான்கு மணி நேரம் நாற்காலியில் சாய்ந்து கிடக்க வேண்டும். ஒரு கையில் இரண்டு ஊசி, அந்தக் கையை அசைக்கக் கூடாது. காலையில் வருகிறவர்களுக்கு மதியம் வருகிறவர்களைத் தெரியாது, திங்கட்கிழமைக்காரர்களுக்குச் செவ்வாய்க்கிழமைக்காரர்களைத் தெரியாது. டிவியில் எந்தச் சேனல் என்பதில் தினமும் ஒரு சண்டை. கூரையைப் பார்த்தபடி கிடந்து கிடந்து சலித்துப்போய், சிலர் ஒரு நாள் போதும் என்று வராமல் இருந்துவிடுவார்கள். வராவிட்டால் என்ன ஆகும் என்பது அவர்களுக்கும் தெரியும். ஒரே மழைக்காலத்தில் அப்படி இரண்டு நாற்காலிகள் காலியாயின. இரண்டாவது நாற்காலி காலியான அன்று வீட்டுக்கு வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தவள் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகுதான் அவளுக்கு இந்த விளையாட்டுப் பைத்தியம் பிடித்தது.

விளையாட்டு என்றால் சுட்டுத் தள்ளுகிற விளையாட்டு இல்லை. இதில் படமே கிடையாது. எல்லாம் எழுத்து. 'நீ ஒரு பாழடைந்த மண்டபத்தில் நிற்கிறாய். வடக்கே ஒரு கதவு' என்று போனில் வரும். 'வடக்கே போ' என்று தட்டினால் அடுத்த இடம். அங்கே இன்னொருவர் இருந்தால் பேசலாம், சேர்ந்து புதையல் தேடலாம், நாமே புது இடம் கட்டலாம். போனை அணைத்தாலும் நம் உருவம் அங்கேயே தூங்கிக்கொண்டிருக்கும். இதற்கு ஒரு கை போதும். மொத்த உலகமும் ஒரு கம்ப்யூட்டரில் இருக்கும், அதற்குப் பெயர் சர்வர். புரோகிராமை முகம் தெரியாத யார் யாரோ சேர்ந்து எழுதி, எடுத்துக்கொள்ளுங்கள், உங்களுக்குத் தோதாக மாற்றிக்கொள்ளுங்கள் என்று இலவசமாக விட்டிருக்கிறார்கள்.

"சும்மா குடுக்கறான்னா அதுல ஏதோ வில்லங்கம் இருக்கு" என்றேன்.

"வில்லங்கம் இருக்கான்னு நீங்களே பாத்துக்கங்கன்னுதான் உள்ள எழுதினத எல்லாம் திறந்து வெச்சிருக்காங்க. அதுக்குப் பேரே ஓப்பன் சோர்ஸ்" என்றாள்.

தோற்றுப்போனால் எனக்குக் கோபம் வரும், வந்தது.

பில் போடும் இடத்தில் கழித்துக்கட்டிய கம்ப்யூட்டர் ஒன்றைக் கேட்டு வாங்கினாள். டாக்டரம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: ஆஸ்பத்திரி நெட்வொர்க்கை இது தொடவே கூடாது, வார்டின் நான்கு சுவரைத் தாண்டக் கூடாது. அதனால் தனியாக ஒரு வைஃபை பெட்டி. சலைன் அட்டைப்பெட்டிகள் அடுக்கிய ஸ்டோர் ரூமில், மூலையில் கம்ப்யூட்டரை வைத்து, வயர் இழுத்து, யூபிஎஸ் மாட்டிக் கொடுத்தது அடியேன். முதல் நாள் தமிழில் எழுதியதெல்லாம் வரிசையாகக் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. லீவு நாளெல்லாம் அதோடு மல்லுக்கட்டினாள். ஏதோ ஒரு மூலையிலிருந்து ஒரு புண்ணியவான் இணையத்தில் பதில் எழுதினார், ஒரு வரியை மாற்றினாள், கட்டங்கள் எழுத்தாயின. அன்று அவள் சிரித்த சிரிப்புக்காகவாவது நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "குழம்பு அடிப்பிடிச்சுது" என்றேன்.

ஆனால் வார்டு மாறியது. அதை நான் மறுக்கவில்லை. யூபிஎஸ் பார்க்கப் போகும்போதெல்லாம் பார்த்தேன். டிவி அணைந்து கிடந்தது. வெள்ளிக்கிழமை வருகிற டியூஷன் டீச்சர் ஒளித்துவைத்த சாவியைச் சனிக்கிழமை வருகிற வாட்ச்மேன் தேடிக்கொண்டிருந்தார். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. ஊசி குத்தும்போது முகம் சுளிக்கிறவர்கள்கூட, "சீக்கிரம் போடுங்கம்மா, கிணத்துக்குள்ள எறங்கி நிக்கறேன்" என்றார்கள்.

லாரிக்காரர் அங்கே வந்தது இந்தச் சமயத்தில்தான். வாழ்க்கை முழுக்க நெடுந்தூர லாரி ஓட்டியவர். கடைசி லோடு ஏற்றிக்கொண்டு பாதி வழி போனபோது மூச்சு முட்டி, வண்டியை ஓரங்கட்டி, ஸ்டியரிங் மேலேயே சாய்ந்துவிட்டார். வேறு டிரைவர் வந்து வண்டியை எடுத்துப் போனார். இவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். ஓட்டிக்கொண்டே இருந்த மனிதரை நாற்காலியில் கட்டிப்போட்டால் எப்படி இருக்கும்? இரண்டாவது வாரமே மகளிடம் தீர்மானமாகச் சொல்லிவிட்டார், இனி வர மாட்டேன் என்று. மகள் வார்டு வாசலில் நின்று அழுதாள்.

என் மனைவி அவர் கையில் போனைக் கொடுத்தாள். புதையலும் சாவியும் அவருக்குப் பிடிக்கவில்லை. "இதுல ரோடு இருக்கா தங்கச்சி?" என்று கேட்டார்.

"இல்லண்ணா. நீங்களே கட்டலாம். 'தோண்டு'ன்னு அடிச்சா புது இடம் வரும்."

"ரோட்டத் தோண்டறதுக்குத்தான் எல்லா ஊர்லயும் ஆள் இருக்கே! போடறதுக்கு ஒருத்தனும் இல்ல. நான் தோண்ட மாட்டேன்."

வார்டே சிரித்தது. இவள் அன்றைக்கே ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து அவருக்காகவே 'போடு' என்று ஒரு புதுக் கட்டளை எழுதினாள். 'போடு வடக்கே' என்று அடித்தால் வடக்கே ஒரு துண்டு ரோடு முளைக்கும். லாரிக்காரர் கடைசி லோடு ஏற்றிய இடத்திலிருந்து ஆரம்பித்தார். வளைவு, பாலம், பஞ்சர் கடை, நாய் துரத்துகிற மேடு, இரண்டு பக்கமும் சோளம் நிற்கிற நேர்ச்சாலை. ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு மூன்று வரி. முடிகிறவரைக்கும் ஒருவரும் உள்ளே வரக் கூடாது என்று முகப்பில் ஒரு தடுப்பு வைத்து, 'வேலை நடக்கிறது' என்று பலகையும் மாட்டினார். என்னை மாப்பிள்ளை என்று கூப்பிட ஆரம்பித்ததும் அப்போதுதான். இவள் தங்கச்சி என்றால் நான் மாப்பிள்ளைதானே. நான் பதிலுக்கு மச்சான் என்று கூப்பிடவில்லை. எனக்கு அப்படிச் சட்டென்று ஒட்டாது.

ஒரு நாள் ஊசியை எடுக்கும்போது இவளிடம், "எறக்காத லோடு ஒண்ணு பாக்கி நிக்குது தங்கச்சி. ரோடு முடியற வரைக்கும் வரேன். சொன்னா சொன்னதுதான்" என்றார். இவள் அதை வாக்குறுதி என்று நினைத்துச் சந்தோஷப்பட்டாள். வீட்டில் எனக்கும் சொன்னாள். எங்கள் இரண்டு மரமண்டைகளுக்கும் அதன் மறுபாதி உறைக்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை ரோடு முடிந்தது. இருந்த இடத்திலிருந்தே கட்டளை அடித்து முகப்பிலிருந்த தடுப்பை எடுத்தார், பலகையைக் கழற்றினார். நேரம் முடிந்ததும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டார். மதியம் வந்தவர்கள் ரோட்டைப் பார்க்கக் கிளம்பினார்கள், மறுநாள் வந்த டியூஷன் டீச்சரும் போனார். கடைசியில் ஒரு குடோன் வாசல், அதற்கப்பால் ஒன்றும் இல்லை. பார்த்துவிட்டுத் திரும்பி வர 'தெற்கே போ' என்று அடித்தால், 'அந்தப் பக்கம் வழி இல்லை' என்று வந்தது. எல்லோருக்கும் அதே பதில். வரிசையாக மாட்டிக்கொண்டார்கள்.

டீச்சர் கூப்பிட்டுச் சொன்னதும் இவள் ஸ்டோர் ரூமுக்கு ஓடினாள். பார்த்தபோதுதான் தெரிந்தது. 'தோண்டு' என்ற பழைய கட்டளை போகும் வழி, திரும்பும் வழி இரண்டையும் சேர்த்தே உண்டாக்கும். இவள் அவசரத்தில் எழுதிய 'போடு' போகும் வழியை மட்டும் உண்டாக்கியிருந்தது. தடுப்பு இருந்ததால் வேறு யாரும் உள்ளே போகவில்லை. லாரிக்காரர் ரோட்டின் நுனியிலேயே தூங்கி, அங்கேயே எழுந்து, அங்கிருந்தே தொடர்ந்து போட்டிருக்கிறார். ஒரு தடவைகூடத் திரும்பி நடக்கவில்லை.

"தப்பு என்னுது டீச்சர். ஒரே வரிதான், எல்லாரையும் வெளிய இழுத்துடறேன்" என்றிருக்கிறாள்.

"வேணாம் வேணாம். ரோடு போட்டவரே வந்து கூட்டிட்டுப் போகட்டும். நாளைக்கு வருவார்ல? நீங்க இழுத்தா நான் மறுபடியும் போய் அங்கயேதான் நிப்பேன்."

டீச்சர் சொன்னால் வார்டில் மறுபேச்சு இல்லை. சிரித்துக்கொண்டே எல்லோரும் அங்கேயே தங்கிவிட்டார்கள். மறுநாள் காலையில் வந்த வாட்ச்மேனையும் சேர்த்து மொத்தம் ஏழு பேர்.

சனிக்கிழமை காலையில் நான் வார்டில் இருந்தேன். யூபிஎஸ் கத்துகிறது என்று பேட்டரி மாற்றப் போயிருந்தேன். லாரிக்காரரின் நாற்காலி காலி. லேட்டாக வருவார் என்றார்கள். இவள் ஊசி குத்துவதும் வாசலைப் பார்ப்பதுமாக இருந்தாள். பிறகு எதற்கோ அவருடைய லாக்கரைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். நோயாளிகள் தங்கள் போர்வையை அங்கேயே வைத்துவிட்டுப் போவது வழக்கம். உள்ளே போர்வை இல்லை. வியாழக்கிழமையே எடுத்துப் போயிருக்கிறார்.

நேராகப் போய் வாட்ச்மேன் கையிலிருந்த போனை வாங்கி, குடோன் வாசலில் எழுதியிருந்ததைப் படித்தாள். நானும் தோளுக்கு மேலாகப் படித்தேன். 'லோடு இறங்கிவிட்டது. இன்ஜினை நிறுத்தியாயிற்று. இனி ஓட்ட வேண்டியது ஒன்றும் இல்லை.'

அவள் முகம் வெளுத்துவிட்டது. அந்த நேரம் பார்த்து மகள் போன் செய்தாள். அப்பா வர மாட்டேன் என்கிறார், வேண்டாமென்று விலக்கியிருந்த இளநீரை நேற்று ஆசை தீரக் குடித்தார், இப்போது எழுந்து நிற்கவும் முடியவில்லை, கால் தொளதொளவென்று இருக்கிறது என்றாள்.

"இன்னைக்கு வரலைன்னா நாளைக்கு வார்டு மூடியிருக்கும்" என்று இவள் என்னிடம் சொன்னாள். "இளநீரால ரத்தத்துல பொட்டாசியம் ஏறிடுச்சு. மொதல்ல கால்தான் விழும். அப்புறம் சொல்லாம கொள்ளாம இதயம் நின்னுடும். செவ்வாய்க்கிழமை வரைக்கும் தாங்க மாட்டாருங்க."

ஆம்புலன்ஸுக்குச் சொன்னால் வேறு கேஸுக்குப் போயிருக்கிறது, காத்திருங்கள் என்றார்கள். அவளால் வார்டை விட்டு நகர முடியாது, எல்லா இயந்திரமும் ஓடிக்கொண்டிருக்கிறது. பேட்டரியை அப்படியே போட்டுவிட்டு என் வேன் சாவியை எடுத்தேன்.

"என்ன சொல்லிக் கூப்பிடுவீங்க?" என்றாள்.

"தெரியல" என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை.

அவர் வீட்டில் முன்னறையிலேயே கட்டில். துவைத்த சட்டை போட்டுக்கொண்டு படுத்திருந்தார். முகத்தில் அப்படி ஒரு அமைதி. மகள் சுவரோரம் நின்றிருந்தாள், அழுது முடித்துவிட்டிருந்தாள்.

"வாங்க மாப்பிள்ளை. தங்கச்சி அனுப்பிச்சா? கோச்சுக்க வேணாம்னு சொல்லுங்க. ரோடு முடியற வரைக்கும்னு சொன்னேன். முடிஞ்சுது."

தேன் தடவிப் பேச எனக்கு வராது. வந்ததெல்லாம் கோபம்தான்.

"என்னத்த முடிஞ்சுது? நீங்க பாட்டுக்கு நல்ல சட்டையப் போட்டுக்கிட்டுப் படுத்துட்டீங்க. அங்க உங்க ரோட்ட நம்பிப் போன ஏழு பேரு குடோன் வாசல்ல மாட்டிக்கிட்டு நிக்கறாங்க. திரும்பி வர வழியே இல்ல!"

அவர் கண்ணைத் திறந்தார். "வழி இல்லையா?"

"போற வழி மட்டுந்தான் இருக்கு. என் வீட்டுக்காரி எழுதின கட்டளையில தப்பு. ஆனா ஒரு நாளாவது திரும்பி நடந்து பாத்திருந்தா உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்ல?"

தலையைத் தூக்கி மகளைப் பார்த்தார். பிறகு, "தங்கச்சி ஒரே தட்டுல இழுத்துடுமே" என்றார்.

"இழுக்கறேன்னுதான் சொன்னா. அவங்க வர மாட்டேங்கறாங்க. ரோடு போட்டவர் வந்து கூட்டிட்டுப் போகட்டும்னு டீச்சர் உக்காந்துட்டாங்க. மத்தவங்களும் அங்கயேதான்."

"டீச்சர்னா, யாரு? நான் பாத்ததே இல்லையே."

"அவங்களும்தான் உங்களப் பாத்ததில்ல மச்சான்!" என்று கத்திவிட்டேன். மச்சான் என்று வாயில் வந்தது எனக்கே அப்புறம்தான் தெரிந்தது.

அவர் என்னையே பார்த்தார். உதடு கோணியது, சிரிக்கிறாரா அழுகிறாரா என்று சொல்ல முடியவில்லை. "ஏழு பேர ஏத்திட்டுப் போயி பாதியில விட்டுட்டு வந்தவன்னு ஆயிடுச்சே" என்று முனகிக்கொண்டே கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தார். கால் நிற்கவில்லை. அப்படியே மடிந்து என் மேல் சரிந்தார். அதுவரைக்கும் கோபத்தில் இருந்த எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. மகள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், தூக்கி வண்டியில் போட்டோம்.

அந்தப் பாதையில் அத்தனை சிக்னலும் அன்றைக்குத்தான் சிவப்பாக நிற்க வேண்டுமா? பின் சீட்டில் மகள், "அப்பா, பேசிக்கிட்டே வாங்கப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். முதலில், "எடதுல போங்க மாப்பிள்ளை, அது குறுக்கு வழி" என்று பதில் வந்தது. அப்புறம் வெறும் "ம்" மட்டும் வந்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது. நான் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

வாசலிலேயே ஸ்ட்ரெச்சரோடு இவள் நின்றாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. இடது கையைப் பிடித்து, ஊசி போடுகிற இடத்தில் விரலை வைத்து, ரத்தம் ஓடுகிற அதிர்வு இருக்கிறதா என்று பார்த்தாள். "ஓடுது" என்றாள். டாக்டரம்மா இசிஜி காகிதத்தைப் பார்த்துவிட்டு உடனே மருந்தை ஏற்றினார். வாட்ச்மேன் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார். இவள் இரண்டு ஊசியையும் போட்டு, குழாயை மாட்டி, இயந்திரத்தை ஓடவிட்டாள். திரையில் கோடுகள் கோணல்மாணலாகப் போய்க்கொண்டிருந்தன. நான் சுவரோடு ஒட்டி நின்று அந்தக் கோடுகளையே பார்த்தேன். மின்சாரம் எனக்குத் தெரியும், இந்தக் கோடு எனக்குத் தெரியாது. டாக்டரம்மாவின் தோள் கொஞ்சம் இறங்கியபோதுதான் நானும் மூச்சு விட்டேன்.

இவளைக் காணோம். ஸ்டோர் ரூமில் சலைன் பெட்டி மேல் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். "பேட்டரி இன்னும் மாத்தல" என்றேன். அழுகைக்கு நடுவே தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.

நாங்கள் வெளியே வந்தபோது லாரிக்காரர் கண் விழித்திருந்தார். வலது கையை நீட்டினார். போன் கேட்கிறார் என்று புரிந்துகொள்ள எங்களுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மகள் கொடுத்தாள். ஒற்றை விரலால் மெதுவாகத் தட்டி உள்ளே போனார். குடோன் வாசல் வந்தது. அதற்குக் கீழே, அவர் எழுதாத வரிகள் சில இருந்தன.

'டீச்சர் இங்கே தூங்குகிறார்.' அடுத்த வரியில் இன்னொருவர். அதற்கடுத்து இன்னொருவர். ஒருவர் பின் ஒருவராகப் படித்துக்கொண்டே போனார். வாட்ச்மேன் மட்டும்தான் விழித்திருந்தார். 'வந்துட்டீங்களா' என்று அவர் தட்டியது திரையில் வந்தது, மூன்று நாற்காலி தள்ளி அவர் சத்தமே போடவில்லை.

இவள் குனிந்து, "அண்ணா, தப்பு என்னுது. நான் ஒரே வரி அடிச்சேன்னா ரோடு முழுக்கத் திரும்பற வழி வந்துடும். அடிக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"வேணாம். வழி மட்டும் இருந்தாப் பத்தாது தங்கச்சி. திரும்பி வரும்போது எல்லாம் வேற மாதிரி இருக்கும். ஏறின மேடு எறக்கமாயிடும். போகும்போது முதுகக் காட்டிட்டிருந்த வீடெல்லாம் மூஞ்சியக் காட்டும். ஒவ்வொண்ணா எழுதணும்."

"அப்ப இவங்கள எழுப்பிச் சொல்லட்டா?" என்றார் வாட்ச்மேன்.

"எழுப்பாதீங்க, தூங்கட்டும். நான் மொதல்ல ஒரு வளைவாவது போட்டு வெக்கறேன்."

தட்ட ஆரம்பித்தார். இரண்டு வரி எழுதுவதற்குள் விரல் சோர்ந்துவிட்டது. போனை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கண்ணை மூடினார். இவள் பதறி இயந்திரத்தைப் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணைத் திறக்காமலே அவர் சொன்னார்:

"செவ்வாக்கெழம என் நாற்காலிய வேற யாருக்கும் குடுத்துடாதீங்க தங்கச்சி. வேல கெடக்கு."